படியிடம்தான் பேசினேன்

கெனித்ரா
2 மார்ச் 2019

தங்கை தாமூவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் யாம்னாவும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்பே சொல்லிக்கொண்டிருக்கிறது. உன் சர்க்கரை, உன் மகள் இப்திஸ்ஸாமின் இருமல், லராஷ் வீட்டுக் கூரையின் ஒழுகல் இவை மூன்றும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

கைப்பேசியில் நீ அனுப்பிய குரல் செய்திகளை யாம்னா போட்டுக் காட்டினாள். கேட்டேன். கேட்பதில்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை, பேசுவதில்லை என்றுதான் செய்தேன். எழுதுவது பேசுவதாகாது. அதனால் எழுதுகிறேன்.

நீ மறந்திருப்பாய் என்பதால் நடந்ததைச் சொல்கிறேன். உன் மகளின் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு எங்கள் துறைமுகத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வருடம் அந்த மேடையில் நின்று கப்பல்காரன் வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டியவன் நான். எனக்குத் தெரியாததா? தேநீர் ஊற்றிக்கொண்டே நீ குறுக்கே விழுந்தாய்: "எங்கண்ணன் ஊர்ல துறைமுகம் இருக்கு, ஆறு இருக்கு, எல்லாம் இருக்கு. கப்பல்தான் இல்ல. கொக்கு குளிக்க வருது." மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிற சம்பந்தி ஹம்மூவுக்கே சிரிப்பில் புரையேறியது. மாப்பிள்ளை மட்டும்தான் தரையைப் பார்த்தான். நல்ல பையன்.

நான் எழுந்து சொன்னதும் உனக்கு நினைவிருக்கட்டும். "அல்லாஹ்மேல ஆணையா, நீ எங்க துறைமுகத்து மேடையில நின்னு, கடல்லேர்ந்து கப்பல் வர்றத உன் கண்ணால பாக்குற வரைக்கும் உன்கிட்ட வாய் திறந்து பேசமாட்டேன்." சொன்னது சொன்னதுதான். எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அன்று சாப்பிடாமல் வந்ததும் வயிறு சரியில்லாததால்தான்.

பிள்ளைக்கு என் ஆசி. உனக்கு என் ஸலாம்.

பூஸல்ஹாம்

லராஷ்
14 மார்ச்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். சர்க்கரை என்னைவிட்டுப் போக மனமில்லாமல் இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது. கூரை, மழை பெய்தால் ஒழுகுகிறது, வெயில் அடித்தால் நல்ல கூரை. மதினி யாம்னாவுக்கு என் முத்தங்கள். உன் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடு பண்ணித் தேய்க்கச் சொல்.

உன் கடிதத்தைத் தபால்காரர் நீட்டியதும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள்?

கல்யாணத்தை அக்டோபர் 26 என்று முடிவு செய்திருக்கிறோம். இப்திஸ்ஸாமின் அப்பா இருந்திருந்தால் வாசலில் நின்று வந்தவர்களை வரவேற்றிருப்பார். அந்த இடம் உனக்குத்தான். நீ அங்கே நிற்க, நான் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது.

சொல், இந்த வாரம் எத்தனை கப்பல் வந்தது? நாளைக்கே ஒன்று வருமானால் ரயிலேறி வந்து பார்த்துவிடுகிறேன், சத்தியம் தீர்ந்துவிடும். மீன் படகு கணக்கில் சேருமா?

உன் தங்கை
தாமூ

கெனித்ரா
30 மார்ச்

தாமூவுக்கு,

ஸலாம். எல்லோரும் நலம். எண்ணெய் தேய்த்தேன். யாம்னாவின் மெத்தை விரிப்பு வீணாகிவிட்டது, முழங்கால் அப்படியே இருக்கிறது.

கெனித்ராவைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரயில் நிலையத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். அதன் கூரை உன் கூரை மாதிரி இல்லை, ஒழுகாது. காலையில் கார் தொழிற்சாலைகளுக்குப் போகும் வெள்ளை பஸ்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகின்றன. இந்த ஊர்ப் பெண் பிள்ளைகள் ஐரோப்பாக்காரன் வண்டிக்கு ஒயர் பின்னுகிறார்கள். கப்பாஸாத் சந்தையில் ஆரஞ்சு மலைபோல் குவிந்து கிடக்கிறது. விளக்குக் கம்பங்களில் நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. அவை நாரைகள், கொக்குகள் அல்ல. நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு என் தங்கை வாழ்கிறாள் என்பதை நினைத்து வருந்துகிறேன்.

மீன் படகு பற்றி. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கப்பல்களின் முகப்பில் எழுதியிருந்த பெயர்களைப் பார்த்துத்தான் எழுத்துக் கற்றேன். ஆகவே எது கப்பல் என்று எனக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். முகப்பில் பெயர் இருக்க வேண்டும், ஊதல் இருக்க வேண்டும், கடலிலிருந்து வந்து கயிறு வீசிக் கட்ட வேண்டும். அப்படி வந்தால் அது கப்பல். ஆளை இக்கரையிலிருந்து அக்கரைக்குத் துடுப்புப் போட்டுக் கடத்துவது கப்பல் அல்ல.

கல்யாணத்துக்கு வருவேன். வாசலில் நிற்பேன். எல்லோரோடும் பேசுவேன், உன்னைத் தவிர. உனக்குச் சொல்ல வேண்டியதை யாம்னா மூலம் சொல்வேன்.

பூஸல்ஹாம்

லராஷ்
11 ஏப்ரல்

அண்ணாவுக்கு,

ஸலாம். நலம், நலமே விரும்புகிறேன், ஆனால் இன்று கொஞ்சம் காரமாக எழுதப் போகிறேன். முதலில் ஒரு கோப்பை தண்ணீர் குடித்துக்கொள்.

கப்பல் எத்தனை என்று கேட்டேன். ஆரஞ்சு எத்தனை என்று எழுதியிருக்கிறாய்.

மாப்பிள்ளையின் அம்மா நேற்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "உங்க அண்ணனுக்குப் பேச்சு வராதா, இல்ல உங்ககூட மட்டும் வராதா?" நான் என்ன சொல்ல? மகள் கல்யாணத்தில் வாசலில் அண்ணனும் தங்கையும் நிற்க, நடுவில் மொழிபெயர்க்க மதினியா? வந்தவர்கள் விருந்தைப் பேசமாட்டார்கள், நம்மைப் பேசுவார்கள். வாய் பேசாத அண்ணன் எனக்கு வேண்டாம். பேசினால் வா, இல்லாவிட்டால் வராதே.

எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டேன். இது பெரிய விஷயமே இல்லை என்றார். சத்தியத்தை முறிக்க வேண்டுமானால் பத்து ஏழைகளுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும், கணக்குத் தீர்ந்தது என்றார். சமையலுக்கு நான் வருகிறேன். வெங்காயம்கூட நானே உரிக்கிறேன்.

தாமூ

கெனித்ரா
20 ஜூன்

தாமூவுக்கு,

ஸலாம். நோன்பும் பெருநாளும் நல்லபடி கழிந்தன. அங்கும் அப்படியே கழிந்திருக்கும் என்று நம்புகிறேன். யாம்னாவுக்குப் பல்வலி. எனக்கு ஒன்றுமில்லை. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் எதுவும் இல்லை.

பத்துப் பேர் விஷயம் எனக்கும் தெரியும். எங்கள் இமாமும் அதைத்தான் சொன்னார். பாவம், அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்தச் சாப்பாடு யாருக்கு? தான் செய்த சத்தியம் தவறு என்று ஒப்புக்கொள்கிறவனுக்கு. நான் எதற்குப் போட வேண்டும்? இருக்கிற துறைமுகத்தை இருக்கிறது என்று சொன்னேன். பிடி குஸ்குஸைப் போட்டு அதைத் திரும்ப விழுங்கச் சொல்கிறாய்.

அது தேவைப்படவும் போவதில்லை. ஜூலை 9 அன்று கோதுமைக் கப்பல் ஒன்று வருகிறது. காவல்காரர் சொன்னார், அவருக்கு அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். முதல் நாளே வந்துவிடு. தொப்பி கொண்டு வா, வெயில் அதிகம்.

பூஸல்ஹாம்

லராஷ்
15 ஜூலை

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். சுகமாக வந்து சேர்ந்தேன். மதினி கட்டிக் கொடுத்த ரொட்டியை ரயிலில் பக்கத்துப் பெண்ணோடு பங்கு போட்டேன். மதினியின் பல் இப்போது எப்படி?

என்ன எழுதுவது என்று நாலு நாள் யோசித்தேன். சிரிப்பு வருகிறது, உனக்குக் கோபம் வருமே என்று அடக்கிக்கொள்கிறேன். காலையிலிருந்து நாம் மூவரும் மேடையில் உட்கார்ந்திருந்தோம். நீ கையைக் காட்டுவாய், மதினி சொல்வாள்: "அந்த வளைவுக்கு அந்தாண்ட பாக்கணுமாம்." நான் பார்ப்பேன். நீ நெற்றியைச் சுருக்குவாய். "அது இல்லியாம், இன்னும் இடப்பக்கமாம்." மத்தி மீனைத் தின்றுவிட்டுத் தலையை நாரைக்குப் போட்டோம். மதினி சொன்னதை மறக்கமாட்டேன்: "முப்பது வருஷமா இந்த மனுஷன் வாய மூடணும்னு துஆ கேட்டேன், தாமூ. மூடிட்டாரு. ஆனா எனக்கு இல்ல, ஒனக்கு."

மாலையில் காவல்காரர் வந்து சொன்னார், கப்பல் மெஹ்தியாவில் முகத்துவாரத்துக்கு வெளியே நாள் முழுக்க நின்றதாம், மணல் மேடிட்டுக் கிடப்பதால் உள்ளே வரத் துணியாமல் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டதாம். நீ எழுந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பேசவில்லை. எனக்குச் சத்தியம் எதுவும் இல்லை, இருந்தும் பேச வரவில்லை.

கயிறு கட்டும் இரும்புக் குற்றிகளுக்குப் புதுக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. அழகாக இருந்தது. யார் பூசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அண்ணா, அன்றைக்குச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். துறைமுகம் இருக்கிறது. மேடை மிகவும் சுத்தம். போதுமா?

தாமூ

கெனித்ரா
29 ஜூலை

தாமூவுக்கு,

ஸலாம். நலம். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது.

போதாது. நான் உன் வாபஸின் மேல் சத்தியம் செய்யவில்லை, கப்பலின் மேல் செய்தேன். மேடை சுத்தம் என்று பரிதாபப்பட வேண்டாம். சுத்தம் என்றால் காலி என்று எனக்கும் தெரியும்.

கல்யாணத்துக்கு யாம்னா வருவாள். நான் வரவில்லை. பேசாத அண்ணன் வேண்டாம் என்று நீயே எழுதினாய், அது நியாயம்தான். பிள்ளைக்கு என் பரிசை யாம்னா கொண்டு வருவாள்.

பூஸல்ஹாம்

கெனித்ரா
18 ஆகஸ்ட்

அன்புத் தாமூ,

ஸலாமும் முத்தமும். பெருநாள் ஆட்டு ஈரல் வெந்த நேரத்தில் உன்னை நினைத்தேன். பல் போன இடத்தில் நாக்கு போய்ப் போய் நிற்கிறது, மற்றபடி சுகம். இதை அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன். போனில் பேசினால் அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்.

கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று எழுதியவர், தையல்காரரிடம் புது ஜில்லாபாவுக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். ஏன் என்றால் பழையது பூச்சி அரித்துவிட்டதாம். எந்தப் பூச்சியையும் நான் பார்க்கவில்லை. தினம் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்க்கிறார்: "வாங்க, வாங்க, உங்க வீடு மாதிரி நினைச்சுக்கங்க." நான் எட்டிப் பார்த்தால் மீசையைத் தடவுகிறார்.

காலையில் விடிந்ததும் மேடைக்குப் போய்விடுகிறார். பையில் ஒரு கையுறை. கயிறு பிடிக்கிற கையுறை. இரண்டு வருடமாக எந்தக் கப்பலும் வரவில்லை, தாமூ. உனக்கு எழுதமாட்டார், அதனால் நான் எழுதுகிறேன். மீன் படகுகளும் மெஹ்தியாவிலேயே நின்றுவிடுகின்றன, ஊர்வரை அவற்றுக்கு என்ன வேலை?

அவர் சத்தியத்தை முறிக்கமாட்டார். அவராக முறிக்கமாட்டார், அவ்வளவுதான் சொல்வேன். நீ கெட்டிக்காரி. ஏதாவது செய்.

யாம்னா

லராஷ்
10 செப்டம்பர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸலாம். நலம். கூரைக்குத் தார் பூசிவிட்டோம். கல்யாண வேலைகள் நடக்கின்றன. நீ வரவில்லை என்பதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உன் விருப்பம்.

சும்மா ஒரு சந்தேகம். இங்கே டீக்கடைக்காரர் ஒருவர், உங்கள் செபூ ஆற்றில் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் என்கிறார். நான் அவரோடு வாதம் செய்ய வேண்டும், விவரம் கொடு. மாதக் கடைசி அமாவாசைக்கு மறுநாள் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு? முகத்துவாரத்தில் எந்தப் பக்கமாக ஒதுங்கி வர வேண்டும்? அங்கிருந்து ஊருக்கு வர எவ்வளவு நேரம்? மேடையிலிருந்து தண்ணீருக்கு இறங்கும் அந்தப் பழைய படிக்கட்டு இன்னும் இருக்கிறதா?

தாமூ

கெனித்ரா
19 செப்டம்பர்

தாமூவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம். அந்த டீக்கடைக்காரரின் பெயரையும் முகவரியையும் அனுப்பு.

முழங்கால் அளவா? கடல் ஏறி நிற்கும்போது அவரை அங்கே இறக்கிவிட்டால் தொப்பி மட்டும்தான் மிதக்கும். பெரிய கப்பல்தான் தயங்கும். நடுத்தரக் கப்பல் அமாவாசை ஏற்றத்தில் கண்ணை மூடிக்கொண்டு வரலாம். மதியத் தொழுகை முடிந்து ஒரு மணி நேரத்தில் முகத்துவாரத்தில் நிற்க வேண்டும். வடக்கு அணைக்கல்லை ஒட்டி வர வேண்டும், தெற்கே மணல். பிறகு ஏற்றமே தள்ளிக்கொண்டு வரும், சாயங்காலத் தொழுகைக்கு மேடையில் இருக்கலாம். இதைப் பெரிய எழுத்தில் எழுதி அவர் கடைச் சுவரில் ஒட்டு.

படிக்கட்டு இருக்கிறது. கீழிருந்து மூன்றாவது படியில் பாசி. நாற்பது வருடமாகச் சொல்கிறேன், யாரும் தேய்ப்பதில்லை.

பூஸல்ஹாம்

லராஷ்
1 அக்டோபர்

என் அன்பு அண்ணாவுக்கு,

ஸலாம். உயிரோடு இருக்கிறேன். சம்பந்தி ஹம்மூவின் மீன் படகில் உங்கள் ஊருக்கு வந்து போனதில் வயிறு இன்னும் கடலிலேயே இருக்கிறது. அவர், "சம்பந்தியம்மாவோட அண்ணன் எழுதித் தந்த வழி அப்படியே சரி" என்று கப்பல்காரர்களிடமெல்லாம் உன் கடிதத்தைக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

நீ கரையில் நின்றாய், அதனால் நீ பார்க்காத பக்கத்தைச் சொல்கிறேன். வளைவு திரும்பியதும் மேடையில் ஒரே ஒரு ஆள். ஹம்மூ கேட்டார், "அதான் துறைமுகமா, அவர்தான் அண்ணனா?" இரண்டும் அவர்தான் என்றேன். ஊதலை அழுத்தினார். நாரைகள் எல்லாம் எழும்பின. நீ அசையவில்லை. கையை மட்டும் பைக்குள் விட்டாய். கையுறையை எடுக்கத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு கயிறு பறந்தது, நீ பிடித்தாய். இருபது வயது ஆள் பிடிப்பதுபோல் பிடித்தாய். நான் அவசரப்பட்டுப் படியில் காலை வைத்தேன்.

"தாமூ, பாத்து, மூணாவது படி வழுக்கும்!"

இது யார் குரல்? ஹம்மூவுடையது இல்லை. அவர் பின்னால் இருந்தார். சொன்னவுடனே கையுறையோடு வாயைப் பொத்திக்கொண்டு நின்றது யார் என்றும் நான் எழுதமாட்டேன்.

நீ பிறகு படகைப் பார்த்து, திரும்பிப் போ, திரும்பிப் போ என்று கையை ஆட்டினாய். ஹம்மூவின் முகம் வாடிவிட்டது. "என்ன சம்பந்தியம்மா, நாங்க வந்தது அண்ணனுக்குப் பிடிக்கலையா?"

"பிடிச்சிருக்கு. வளைவு வரைக்கும் போயிட்டு மறுபடி வரணுமாம். நான் மேடையில நின்னு பாக்கணுமாம்."

"இப்பதானே இதுலயே வந்தீங்க?"

"அதான் தப்பாப் போச்சு. சத்தியத்துல மேடைன்னுதான் இருக்கு."

நல்ல மனிதர். ஏற்றம் இறங்குவதற்குள் போய்த் திரும்பி வந்தார். நானும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். நீ வாயை இறுக்கிக்கொண்டு நின்றாய். 'நஜ்மா' என்று முகப்பில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி உதட்டுக்குள் வாசித்தாய். கயிறு கட்டி முடித்த பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாய், "இது என்ன?"

"துறைமுகம்ணா."

"அது என்ன?"

"கப்பல்ணா."

அதோடு ஆரம்பித்தவன்தான். ஏழு மாதப் பேச்சு. இரவுச் சாப்பாட்டிலும் பேசினாய். ஹம்மூவுக்கு நாரை வேறு, கொக்கு வேறு என்று இரண்டு முறை விளக்கினாய். மதினி என் காதில், "இதுக்கா பாடுபட்ட?" என்றாள்.

படியில் கேட்ட குரலைப் பற்றி நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு வா.

தாமூ

கெனித்ரா
12 அக்டோபர்

தங்கை தாமூவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம், யாம்னா சுகம், முழங்காலும் இந்த வாரம் சும்மா இருக்கிறது. உன் வயிறு கரைக்கு வந்துவிட்டதா? ஹம்மூவுக்கு என் ஸலாமைச் சொல். அவர் நல்ல மாலுமி, ஆனால் கயிற்றை இன்னும் உயரமாக வீச வேண்டும். இனி போனிலேயே பேசலாமே என்று நீ கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். ஆகவே எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் பிழைகள் இருக்கின்றன. முதலாவது, நீ அதைப் 'படகு' என்று எழுதியிருக்கிறாய். பெயர், ஊதல், கயிறு மூன்றும் இருந்தன. அது கப்பல்.

இரண்டாவது, நான் உன்னிடம் பேசவில்லை. படியிடம்தான் பேசினேன். அந்தப் படிக்கும் எனக்கும் நாற்பது வருடப் பழக்கம். இடையில் உன் பெயர் எப்படி வந்தது என்று கேட்டால், நீ நடுவில் நின்றாய், வந்தது. மறுநாளே போய் அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டேன். இப்போது வழுக்காது.

நேற்று வெள்ளிக்கிழமை யாம்னா பெரிய பானையில் குஸ்குஸ் செய்தாள். ஏழு காய்களும் ஆட்டுக்கறியும் போட்டது. தொழுகை முடிந்து நானே போய்ச் சிலரைச் சாப்பிட அழைத்து வந்தேன். எதற்காகவும் இல்லை. வெள்ளிக்கிழமை, அதனால். யாம்னா ஏன் என்று கேட்டாள், பசி என்றேன். நீங்கதான் சாப்பிட்டாச்சே என்றாள். நான் பானையின் மூடியைத் திறந்து பார்த்தேன். அவள் மேலே கேட்காமல் தட்டுகளை எடுத்து வைத்தாள். எத்தனை தட்டு வேண்டும் என்றும் அவள் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஏழைகளைத் தேடிப் பிடிப்பது லேசான காரியம் இல்லை. எல்லோருக்கும் ஏதாவது வேலை இருக்கிறது. சந்தையில் ஆரஞ்சு தூக்குகிறவர்கள், துடுப்புப் போடுகிறவர்கள், பள்ளிவாசல் வாசலில் இருப்பவர்கள் என்று கெஞ்சிக் கூட்டி வந்தும் ஒன்பது பேர்தான் சேர்ந்தார்கள். பத்தாவது ஆளுக்காக முழங்காலை இழுத்துக்கொண்டு ரயில் நிலையம்வரை போனேன். அங்கே ஒருவர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். சாப்பிட வாங்க என்றதும் மறுபேச்சு இல்லாமல் வந்தார். இரண்டு தட்டுச் சாப்பிட்டார். மூன்றாவதும் நானே வைத்தேன். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது எந்த ஊர் என்று கேட்டேன்.

லராஷ் என்றார்.

26ஆம் தேதி விடியற்காலை ரயிலில் வருகிறோம். வாசலில் எனக்கு வலப்பக்கம் நீ நில். இடது காது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.

உன் அண்ணன்
பூஸல்ஹாம்